பதினாறு மாதம் மிச்சம் இருக்கிறதா?

36-இல் 16 போனால் 20. கனடாவில் படித்து முடித்த பையனுக்கோ பெண்ணுக்கோ வரன் பார்க்கும் வீடுகள், ஜாதகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. இரண்டாண்டுப் படிப்பு முடித்தவருக்கு அந்நாட்டு அரசு தரும் வேலை அனுமதியை எல்லோரும் பி.ஜி.டபிள்யூ.பி. என்கிறார்கள். அது அதிகபட்சம் 36 மாதம் செல்லும். அவருடைய மனைவியோ கணவனோ அங்கே போய் வேலை பார்ப்பதற்கு ஓபன் ஒர்க் பர்மிட் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த 36 மாதத்தில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருந்தாக வேண்டும். 2025 ஜனவரி 21 முதல் இதுதான் விதி. ஆக, பர்மிட் கைக்கு வந்த நாளிலிருந்து முதல் 20 மாதத்துக்குள் தகுதியான வேலை கிடைத்து, கல்யாணம் நடந்து, அது பதிவாகி, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 21-ஆம் மாதம் போட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த பர்மிட்டை வைத்து மனைவிக்கு வேலை அனுமதி வாங்க முடியாது.

விளாங்குடியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மதுரையின் வடமேற்கு ஓரத்தில், திண்டுக்கல் சாலையில் இருக்கும் இந்த ஊர் 2011-இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. 1953-இல் தொடங்கிய பாத்திமா கல்லூரி பக்கத்திலேயே இருப்பதால், படித்த பெண்களுக்கு இங்கே ஒருநாளும் குறைவில்லை. சொந்தமாக ஒரு மனை, அதில் ஒரு மாடி வீடு, அந்த வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவது என்பது கூடல் நகரிலிருந்து பரவை வரை இன்று சாதாரணமாகிவிட்டது. அப்படிப் போன பிள்ளைக்குப் படிப்பு முடிந்ததும் பெண் பார்க்கிறார்கள். பெண் வீட்டில் தரகர் சொல்லும் வாசகம் எங்கும் ஒன்றுதான்: "பையன் படிச்சு முடிச்சு பர்மிட்ல இருக்காப்ல. பொண்ணு போன உடனே ஓபன் ஒர்க் பர்மிட்டு, ரெண்டு பேரும் சம்பாதிச்சா ரெண்டே வருசத்துல கடன் அடைஞ்சிரும்." 2025 தொடக்கம் வரை இதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது. இன்று இதை நம்பி முகூர்த்தம் குறிப்பது ஆபத்து.

விதி மாறிய வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி 22 அன்று கனடா குடியேற்ற அமைச்சர் மார்க் மில்லர், வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு அறிவித்தார். கல்லூரி டிப்ளமா, இளநிலைப் பட்டம் படிப்பவர்களின் துணைகளுக்கு இனி வேலை அனுமதி இல்லை என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. மார்ச் 19 அன்று அது நடைமுறைக்கு வந்தது. முதுநிலை, முனைவர் பட்டம், மருத்துவம், சட்டம் போன்ற சில தொழிற்படிப்புகள் மட்டும் தப்பின. அடுத்த ஆறு மாதத்தில், செப்டம்பர் 18 அன்று, இன்னொரு அறிவிப்பு. முதுநிலைப் படிப்பாக இருந்தாலும் 16 மாதத்துக்குக் குறையாத படிப்பாக இருக்க வேண்டும். வேலை பார்ப்பவர் என்றால் உயர்நிலை வேலையாகவோ, ஆள் பற்றாக்குறை உள்ள குறிப்பிட்ட துறைகளின் வேலையாகவோ இருக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரி 21 அன்று அதுவும் அமலாகிவிட்டது. ஓராண்டுக்குள் இரண்டு பெரிய மாற்றங்கள். ஒரு பையன் படிக்கப் போய், முடித்து, வேலை தேடி, பெண் பார்த்து, தாலி கட்டும் வரைக்கும் நான்கு ஆண்டாவது ஆகிறது. அவன் விமானம் ஏறிய நாளில் இருந்த விதி அவன் மனைவிக்கு உதவாது. மனைவியின் விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் எது விதியோ, அதுதான் அவளுக்கு விதி.

இனி அந்த 20 மாதம் எப்படிக் கரைகிறது என்று பார்ப்போம். ஒரு பையனுக்கு 2024 செப்டம்பரில் பர்மிட் வந்தது, 2027 செப்டம்பர் வரை செல்லும் என்று வைத்துக்கொள்வோம். மனைவியின் விண்ணப்பத்துக்குக் கடைசிக் கெடு 2026 மே மாதம். படிப்பு முடிந்த கையோடு அவனுக்குத் துறைசார்ந்த வேலை கிடைப்பதில்லை. முதல் பத்துப் பதினொரு மாதம் கிடங்கிலோ பெட்ரோல் பங்கிலோ போகிறது. 2025 ஆகஸ்டில் ஒரு நிறுவனத்தில் சேர்கிறான். சேர்ந்த உடனே லீவு கேட்க முடியாது. புரட்டாசியில் பலர் முகூர்த்தம் வைப்பதில்லை, மார்கழியில் யாரும் வைப்பதில்லை. தையில் வந்து கட்டினால் 2026 பிப்ரவரி. அதன்பின் பதிவு, பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் சேர்ப்பது, மருத்துவப் பரிசோதனை, பையன் அங்கிருந்து அனுப்ப வேண்டிய சம்பளச் சீட்டுகள், நிறுவனத்தின் கடிதம். மே மாதத்துக்குள் மூச்சுமுட்ட முடித்துவிடலாம். ஆனால் பெண் வீட்டில் ஒரு துக்கம், அல்லது மண்டபம் கிடைக்கவில்லை என்று கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனால்? 2026 ஆகஸ்டில் அவனிடம் மிச்சம் இருப்பது 13 மாதம்தான். பெண் மதுரையிலேயே இருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் விசிட்டர் விசாவில் போய் நான்கு சுவருக்குள் உட்கார வேண்டும்.

இதில் பாஸ்போர்ட் ஒரு தனிக் கண்ணி. பி.ஜி.டபிள்யூ.பி. பர்மிட்டை பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளுக்கு மேல் தர மாட்டார்கள். பிளஸ் டூ முடித்த சூட்டோடு 2016-இல் பாஸ்போர்ட் எடுத்த பையனுக்கு அது 2026-இல் முடிகிறது. அவனுக்கு 36 மாதம் தகுதி இருந்தாலும் தாளில் 20 மாதமோ 22 மாதமோதான் அச்சாகி வரும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த பிறகு மீதிக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் 16 மாதக் கணக்கு தடுமாறும். மதுரைக்கென்றே பாஸ்போர்ட் மண்டல அலுவலகம் ரேஸ்கோர்ஸ் பக்கம் இருக்கிறது. படிக்கப் போவதற்கு முன்பே பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துப் பத்தாண்டுக்குப் புதியது வாங்கிக்கொண்டு போவது அவ்வளவு பெரிய வேலை இல்லை. செய்யாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களின் நிலை இதைவிட மோசம். எட்டு மாதத்துக்கு மேலும் இரண்டாண்டுக்குக் குறைவாகவும் உள்ள கல்லூரிப் படிப்புக்கு, படிப்பு எவ்வளவு காலமோ அவ்வளவு காலத்துக்குத்தான் பர்மிட். ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு முடித்தவரிடம் 12 மாத பர்மிட் இருக்கும். 12 மாதத் தாளில் 16 மாதம் மிச்சம் காட்ட எந்த ஏஜென்டாலும் முடியாது. அதாவது அந்தப் படிப்பில் சேர்ந்த அன்றே, அந்த வழியாகத் துணைக்கு வேலை அனுமதி இல்லை என்று முடிவாகிவிட்டது. இது பணம் கட்டுவதற்கு முன் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முதுநிலைப் பட்டத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 2024 பிப்ரவரி 15 முதல், படிப்பு இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தாலும் முதுநிலைப் பட்டதாரிக்கு மூன்றாண்டு பர்மிட் கிடைக்கும். ஆனால் 12 மாத எம்.பி.ஏ. படிக்கிற காலத்தில் துணையைக் கூட்டிப்போய் வேலை பார்க்க வைக்க முடியாது. அதற்குப் படிப்பே 16 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எல்லாப் படிப்புக்கும் பி.ஜி.டபிள்யூ.பி. வருவதும் இல்லை. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் வளாகத்தில் நடத்தும் படிப்புகள் ஒன்ராறியோவில் நிறைய இருந்தன. 2024 மே 15 அன்றோ அதற்குப் பிறகோ அவற்றில் சேர்ந்தவர்களுக்கு பர்மிட்டே கிடையாது. 2024 நவம்பர் 1 முதல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பின் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துக் கல்லூரி டிப்ளமா படித்தவர் என்றால், வேளாண்மை, மருத்துவம், அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து எனக் குறித்த துறைப் பட்டியலுக்குள் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமா, ஹோட்டல் நிர்வாகம் என்று நம் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்த படிப்புகள் பல இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. படித்தவருக்கே பர்மிட் இல்லையென்றால் துணையைப் பற்றிப் பேச ஏது இடம்?

பர்மிட் இருக்கிறது, மாதமும் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி வேலை. கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், அதற்கு ஒரு படிநிலை. அதை டீர் என்கிறார்கள், 0 முதல் 5 வரை. 0 என்பது மேலாளர் பதவி, 1 என்பது பட்டம் தேவைப்படும் தொழில். இந்த இரண்டில் எதில் இருந்தாலும் துணைக்குத் தகுதி உண்டு. 2, 3 படிநிலைகளில் கட்டுமானம், சுகாதாரம், இயற்கை வளம், கல்வி, அறிவியல் தொழில்நுட்பம் போன்ற துறைகளின் குறிப்பிட்ட வேலைகள் மட்டும் செல்லும். 4, 5 கிடையவே கிடையாது. மென்பொருள் உருவாக்குபவர், சிவில் இன்ஜினீயர், பதிவு பெற்ற நர்ஸ் ஆகியோருக்குச் சிக்கல் இல்லை. கடைக் கல்லாவில் நிற்பவர், கிடங்கில் மூட்டை அடுக்குபவர், காவலாளி ஆகியோருக்கு வழியில்லை. நடுவில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். கடையிலும் உணவகத்திலும் 'சூப்பர்வைசர்' என்று பதவி வாங்கியவர்களின் வேலை 2, 3 படிநிலைக்குள்தான் வருகிறது. நிரந்தரக் குடியுரிமைக்கான அனுபவமாகவும் அதைக் காட்டலாம். ஆனால் விற்பனையும் சேவையும் மேலே சொன்ன துறைகளில் சேராதவை. ஆகவே அந்த சூப்பர்வைசரின் மனைவிக்கு வேலை அனுமதி வராது. "ஸ்கில்டு ஜாப்தான் மாமா" என்று பையன் சொல்வதில் பொய் இருக்காது. பெண்ணின் அப்பா கேட்க வேண்டியது அந்த வேலையின் ஐந்திலக்க எண்ணை.

மாதமோ வேலையோ பொருந்தாதபோது சொல்லப்படும் ஆறுதல், "பி.ஆர். வந்துரும், அப்புறம் எல்லாம் சரியாயிரும்" என்பது. இருவருக்கும் சேர்த்து நிரந்தரக் குடியுரிமை கிடைத்தால் துணைக்கு பர்மிட்டே தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அதற்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், கனடா அனுபவப் பிரிவுக்கு 2025-இல் நடந்த ஆள்தேர்வுகள் 500 மதிப்பெண்ணுக்கு மேல்தான் நின்றன. வேலை உத்தரவாதக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்காகவே பல லட்சம் கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் கொடுத்தது கொடுத்ததுதான்.

பஞ்சாபில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது புரியும். அங்கே ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் வேண்டும், முழுச் செலவும் மாப்பிள்ளை வீட்டாருடையது என்று பத்திரிகையில் வரன் விளம்பரம் வந்துகொண்டிருந்தது. பெண் மாணவியாகப் போவாள், பையன் துணையாகப் போய் முழுநேரம் சம்பாதிப்பான் என்பது ஏற்பாடு. வாக்குத் தவறிய கல்யாணங்கள், காவல் நிலையப் புகார்கள் என்று அது நாறியது. 2021-இல் பர்னாலா மாவட்டத்தில் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டபோது நாடே இதைப் பற்றிப் பேசியது. அந்த ஏற்பாட்டை 2024 மார்ச் 19-ஆம் தேதி விதி ஏறக்குறைய மூடிவிட்டது. மதுரைப் பக்கம் விளம்பரம் போடும் அளவுக்குப் போகவில்லை. ஆனால் சீர்வரிசைக்குப் பதிலாக மாப்பிள்ளையின் கல்விக் கடனில் பாதியைப் பெண் வீட்டார் ஏற்பது, நகையை அடகு வைத்துக் கடைசி செமஸ்டர் கட்டணம் கட்டுவது எல்லாம் இங்கேயும் நடக்கிறது. பெண் போய்ச் சம்பாதித்து மீட்டுவிடுவாள் என்ற கணக்கில்தான் அந்த நகை அடகுக்குப் போகிறது. கணக்கின் அந்த வரியைத்தான் சட்டம் அடித்துவிட்டிருக்கிறது.

கனடா வேண்டாம், லண்டன் என்கிறவர்களுக்கும் இதே போல ஒரு கதவு மூடியிருக்கிறது. பிரிட்டனில் 2019-இல் மாணவர்களின் குடும்பத்தாருக்குத் தந்த விசா ஏறத்தாழ 16,000. 2022-இல் அது 1,36,000-ஐ எட்டியது. அரசு விழித்துக்கொண்டு 2023 மே மாதம் அறிவித்து, 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில் ஆராய்ச்சி மாணவர்களும் அரசு உதவித்தொகை பெறுபவர்களும் மட்டுமே துணையைக் கூட்டி வரலாம் என்று நிறுத்திவிட்டது. ஓராண்டு எம்.எஸ்சி., எம்.பி.ஏ. படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இது பலருக்குத் தெரியும். தெரியாத பகுதி படிப்பு முடிந்த பிறகு வருகிறது. படித்தபின் இரண்டாண்டு வேலை தேட உதவும் கிராஜுவேட் விசாவில், ஏற்கெனவே மாணவர் விசாவில் துணையாக இருந்தவருக்குத்தான் தொடர இடம் உண்டு. புதிதாகக் கல்யாணம் செய்து இங்கிருந்து மனைவியைச் சேர்க்க அதில் வழியே இல்லை. அந்த இரண்டாண்டும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாறினால்தான் மனைவி வரலாம், வந்தால் வேலையும் பார்க்கலாம். அந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலை 22 முதல் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படிப்பிலிருந்து மாறும் புதியவர்களுக்கு 33,400. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 'கேர்' வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே 2025 ஜூலையோடு நின்றது. இன்னும் "கேர் விசாவில் குடும்பத்தோடு போகலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் நிலைமை புதிதாகக் கெடவில்லை, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். எஃப்-1 மாணவரின் துணை எஃப்-2. எஃப்-2-வில் வேலை பார்க்கவே கூடாது, முழுநேரப் பட்டப்படிப்பிலும் சேர முடியாது. மாணவர் படித்து முடித்து ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் 12 மாதமும், அறிவியல் பொறியியல் படிப்பென்றால் கூடுதலாக 24 மாதமும் சம்பாதிப்பார். அந்த மூன்றாண்டும் மனைவி எஃப்-2-தான். பிறகு அவனுக்கு ஹெச்-1பி வேலை விசா கிடைத்தால் அவள் ஹெச்-4 ஆவாள். ஹெச்-4-இலும் உடனே வேலை இல்லை. கணவனுக்காக நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதல் பெற்ற பிறகோ, ஹெச்-1பி ஆறாண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்ட பிறகோதான் வேலை அட்டை கேட்கலாம். 2015 மே 26 முதல் நடப்பில் உள்ள இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பத்தாண்டு வழக்கு நடந்தது. 2025 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரிக்க மறுத்ததால் ஏற்பாடு பிழைத்தது. அதே மாதம் 30-ஆம் தேதி வேறொரு அடி விழுந்தது. வேலை அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் பழைய அட்டையே தானாக நீள்வது நின்றுபோனது. இனி புது அட்டை வரத் தாமதமானால் அந்தப் பெண் வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டும். கணவன் வேலை இழந்தால் இருவருக்கும் சேர்த்து 60 நாள் அவகாசம். மனைவி எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அவள் அங்கே இருக்கும் உரிமை கணவனின் வேலையில்தான் தொங்குகிறது.

ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே துணைகளுக்கு இன்னும் இடம் இருக்கிறது. முதுநிலை, முனைவர் பட்டம் படிப்பவரின் துணை நேர வரம்பின்றி வேலை பார்க்கலாம். படித்தபின் கிடைக்கும் 485 விசாவிலும் துணைக்கு முழு வேலை உரிமை உண்டு. ஆனால் 2024 ஜூலை முதல் அந்த விசாவுக்குப் பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35. இங்கே பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு 34 வயதில் படிக்கப் போகிறவர், படித்து முடிக்கும்போது அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது.

இவ்வளவு விதியையும் பார்த்த பிறகு, கோணல் வழி சொல்லிக்கொடுப்பவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, "விசிட்டர்ல வரச் சொல்லுங்க, கையில காசா வாங்குற வேலை பார்த்துக்கலாம்" என்பது. விசிட்டர் விசாவில் வேலை பார்ப்பது சட்டமீறல். பிடிபட்டால் வெளியேற்ற உத்தரவு வரும். சம்பளம் தராமல் ஏமாற்றும் முதலாளி மேல் புகார் கொடுக்கவும் அந்தப் பெண் பயப்படுவாள் என்பதை அந்த முதலாளி நன்றாக அறிவார்.

இரண்டாவது, வேலைக் கடிதத்தையோ சம்பளச் சீட்டையோ தயார் செய்து தருவது. பொய்யான ஆவணம் கொடுத்தால் கனடா குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுத் தடை. 2023-இல் நூற்றுக்கணக்கான பஞ்சாப் மாணவர்கள் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமே போலி என்று நிரந்தரக் குடியுரிமை கேட்ட கட்டத்தில் தெரிந்து கதிகலங்கியது நினைவிருக்கும். ஜலந்தரில் அலுவலகம் வைத்திருந்த ஏஜென்டுக்கு 2024-இல் கனடா நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. ஆனால் படிவத்தில் கையெழுத்து மாணவருடையது. பதில் சொல்லும் கடமையும் முதலில் அவர்மேல்தான் விழுந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. "கல்யாணம் ஆனதைக் காட்டாதீங்க, சிங்கிள்னு போடுங்க, பி.ஆர். வந்தப்புறம் கூட்டிக்கலாம்" என்ற யோசனை அது. கனடாவின் குடியேற்ற விதிகளில் 117(9)(ஈ) என்று ஓர் உட்பிரிவு உண்டு. நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது துணையாக இருந்தும் கணக்கில் காட்டப்படாமல், பரிசோதனைக்கும் உட்படாமல் விடப்பட்டவரை, பிற்பாடு குடும்பத்தார் என்ற வகையில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்கிறது அது. விதிவிலக்குகள் குறைவு, அவற்றுக்குப் போராட வேண்டும். ஒரு பெட்டியில் போட்ட ஒரு தவறான டிக் மார்க், கோயிலில் தாலி கட்டிய மனைவியை நிரந்தரமாக இங்கேயே நிறுத்திவிடலாம். அந்த டிக் மார்க்கைப் போட்டது தான் இல்லை என்று ஏஜென்ட் கைகழுவிவிடுவார்.

ஏஜென்டைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கனடா விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, அந்நாட்டு வழக்கறிஞர் அமைப்புகளின் உறுப்பினர்களுக்கும், கியூபெக் நோட்டரிகளுக்கும், அங்கே பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர்களுக்கும் மட்டுமே உரிமை உண்டு. ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியலை அவர்களுக்கான ஒழுங்கமைப்பு யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உரிமை உள்ளவர், தான் உங்கள் பிரதிநிதி என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு விண்ணப்பத்தோடு இணைப்பார். "அதெல்லாம் வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி போட்டுருவோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் தன் பெயரை எந்தத் தாளிலும் விடாமல் இருக்கப் பார்க்கிறார். மதுரையில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகங்கள் பலவற்றில் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதிலே வரும்.

பணத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. கனடாவுக்குப் போகும் தனி மாணவர் முதலாண்டுச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை 2023 வரை 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் 20,635 ஆனது, 2025 செப்டம்பர் முதல் 22,895. நம் பணத்தில் 14 லட்சத்துக்கு மேல். கல்விக் கட்டணம் இதற்கு மேல். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் மாணவர் கல்லூரிக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. இந்தப் பள்ளத்தை மனைவியின் முழுநேரச் சம்பளம் நிரப்பும் என்றுதான் பலர் கடன் வாங்கினார்கள். கடனை ஒரு சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று போட்டுப் பார்த்து, முடியாது என்றால் படிப்பையோ நாட்டையோ மாற்றுவது இப்போதைக்குள்ள ஒரே பாதுகாப்பு. இரண்டாவது சம்பளம் வந்தால் வரட்டும், அதை நம்பி பத்திரத்தை வைக்கக் கூடாது.

பெண் வீட்டார் நிச்சயத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியவை: பையனின் பர்மிட் நகல், பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதி, வேலைக் கடிதம், அதில் உள்ள வேலையின் எண், கடைசி மூன்று சம்பளச் சீட்டு. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பின்னால் துணையின் விண்ணப்பத்தோடு கனடா அரசும் இதே தாள்களைத்தான் கேட்கப் போகிறது. அதிகாரிக்குக் காட்டப் போவதைச் சம்பந்திக்குக் காட்டுவதில் என்ன தயக்கம்? வெளிநாடுவாழ் இந்தியர் திருமணங்களில் நடக்கும் ஏமாற்றுகளை ஆராய்ந்த இந்தியச் சட்ட ஆணையம், 2024 பிப்ரவரியில் தந்த 287-ஆம் அறிக்கையில் இத்தகைய திருமணங்களைக் கட்டாயம் பதிய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் பதியப்பட வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று விடாமல் முதல் வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், 16 மாதக் கணக்கில் இரண்டு மாதத்தைக் காப்பாற்றலாம்.

கடைசியாக நர்ஸ்களுக்கும் ஆசிரியைகளுக்கும் ஒரு செய்தி. மதுரையிலிருந்து துணையாகப் போகும் பெண்களில் இவர்கள் நிறையப் பேர். ஓபன் ஒர்க் பர்மிட் என்றால் எந்த வேலையும் பார்க்கலாம் என்பது முழு உண்மை இல்லை. கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை முடிக்காமல் விண்ணப்பித்தால், குழந்தைகள் காப்பகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றில் வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை அச்சாகி பர்மிட் வரலாம். அனுமதி கையில் இருந்தும் தன் தொழிலுக்குள் நுழைய முடியாத நிலை அது. அதை நீக்க மறுபடி பரிசோதனை, மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். விண்ணப்பத்துக்கு முன்பே அந்தப் பரிசோதனையை முடித்து, அதன் சான்றை மற்ற தாள்களோடு சேர்த்து அனுப்பிவிட்டால் இந்த நிபந்தனைக்கு இடமிருக்காது. விண்ணப்பம் போன பிறகும் இங்கே பார்க்கும் வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம். பர்மிட் ஒப்புதல் கடிதம் வந்து, அதில் உள்ள தேதியையும் நிபந்தனையையும் படித்துப் பார்த்த பிறகு செய்யலாம்.